நாடிக்கட்டோடு வேலைக்கு வந்தவர்

நாலாங்கரைப் பேரூராட்சியில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் அரியமுத்து ஓர் ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை மத்தியானம் நெஞ்சு வலித்துச் செத்துப்போனார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழைக்கு முந்திக்கொண்டு அவரைப் புதைத்தார்கள், புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் நாலாவது வார்டு முக்கில் குனிந்து நின்று, நெஞ்சுயர இரும்புச் சாவியைப் போட்டு வால்வைத் திறந்துவிட்டார். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கிற கரிசல்காட்டு ஊரில் அன்றைக்கு நாலாவது வார்டுக்கு முறை. தண்ணீர் வந்தது. பெண்கள் வழக்கம்போல வரிசைக்குச் சண்டை போட்டுக்கொண்டு பிடித்தார்கள்.

அவரை முதலில் பார்த்தவள் குருவம்மா. இரண்டு குடம் நிரம்பியதும், இன்னும் கொஞ்சம் திறந்துவிடச் சொல்வதற்காக நிமிர்ந்தாள். கோடி வேட்டியில் ஈர மண் அப்பியிருக்க, நெற்றிக் காசு சந்தனத்தோடு காய்ந்து ஒட்டியிருக்க, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி அப்படியே இருக்க, அரியமுத்து சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குருவம்மா அவரைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், மூன்றாவது குடத்தையும் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு பிறகுதான் ஊருக்குச் சொல்லப் போனாள். சொல்லிவிட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தால் பிடிக்க விட்டிருப்பார்களா என்று பின்னால் அவளே எல்லோரிடமும் கேட்டாள்.

பிணம் திறந்துவிட்ட தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஊர் ஒருநாள் முழுக்கப் பேசியது. தீட்டு என்றார்கள் சிலர். தீட்டென்றால் கழுவ வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு அவர்தான் வேண்டும் என்று பேச்சு மூன்றே சுற்றில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றது. "செத்தவரு தொறந்தா என்ன, இருக்கவரு தொறந்தா என்ன, தண்ணி தண்ணிதான" என்று குருவம்மா முடித்துவைத்தாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமைத்த தண்ணீரும் அவர் திறந்துவிட்டதுதான். அவருக்கு ஆக்கிப் படைத்த சோற்றை ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது, அவர் மட்டும் வரவில்லை, ஏழாவது வார்டில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அவர் வரவே இல்லை. அரியமுத்துவின் மகள் சண்முகக்கனிக்கு அதுதான் முதலில் வலித்தது. விடியலில் தெருவழியே சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், சொந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதுகூடத் தலையைத் திருப்பமாட்டார், பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், மற்ற நேரமெல்லாம் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருப்பார். கனியின் அம்மா பேச்சித்தாய் தினமும் விடியலில் கோலத்தை முடித்துவிட்டு, அவர் தெரு முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்று, உள்ளே வந்து உலை வைப்பாள். உயிரோடு இருந்தபோதும் அந்த மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினவரில்லை, அதனால் பேச்சித்தாய்க்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பம் இருந்தது, அவர் போகும் நேரத்தில் வைத்துக்கொண்டு பிறகு அழித்துக்கொண்டாள்.

அவர் ஏன் வருகிறார் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். பிணத்தைக் குழிக்குள் இறக்குமுன் கால்கட்டையும் தாடையைக் கட்டிய நாடிக்கட்டையும் அவிழ்க்க வேண்டும், அன்றைக்கு மழை இறங்கிவிட்ட அவசரத்தில் கால்கட்டை அவிழ்த்தவர்கள் நாடிக்கட்டை மறந்துபோனார்கள், அதனால் நடக்க முடிந்தவருக்குப் பேச முடியவில்லை. அதை இப்போதாவது அவிழ்த்துவிடலாம் என்று கனி சொன்னபோது நாலு வார்டுப் பெண்கள் சேர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்கள். கட்டை அவிழ்த்தால் உள்ளே இருக்கிறது வெளியே போய்விடும், அப்புறம் யார் திறந்துவிடுவது, பக்கத்து ஊரில் இருபது நாளாகத் தண்ணீர் இல்லை தெரியுமா என்றார்கள். அவருடைய பெண்டாட்டியும் அவிழ்க்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். அப்படியாக ஒரு ஊருக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால் ஒரு மனிதரின் வாய் கட்டியே கிடந்தது.

சண்முகக்கனிக்கு வயது இருபத்தாறு. பி.காம்., தட்டச்சு தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பிளஸ் டூவில் பதிந்ததை ஒருமுறைகூடத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள், தேர்வாணையத் தேர்வு மூன்று எழுதியிருந்தாள், கடைசித் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. வேலை கிடைப்பது எப்படி என்று நாலாங்கரையில் வேலை இல்லாத எல்லோருக்கும் தெரியும், விடிய விடியச் சொல்வார்கள். யாரைப் பிடிக்க வேண்டும், எந்த சென்டரில் படிக்க வேண்டும், எந்தக் கோவிலுக்கு எத்தனை செவ்வாய் போக வேண்டும் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள், சொன்னவர்களும் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அப்பா செத்தால் பிள்ளைக்கு வேலை என்பது மட்டும் சட்டமாகவே இருக்கிறது, கருணை அடிப்படையில் வேலை என்று அதற்குப் பெயர். அப்பா செத்துப் பத்தாம் நாளே அந்த நினைப்பு தனக்கு வந்ததற்காகக் கனி தன்னைத் தானே திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டே விண்ணப்பத்தையும் எழுதினாள்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், குடும்பத்தில் வேறு யாரும் அரசு வேலையில் இல்லை என்ற சான்று, அவள் கல்யாணம் ஆகாதவள் என்ற சான்று எல்லாம் வாங்க நாலு மாதம் ஆயிற்று. கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள், அவள் கழுத்தைக் காட்டினாள், அதன் நகல் எங்கே என்றார்கள். கடைசியில் கட்டு முழுசாகச் சேர்ந்து பேரூராட்சிக்குள் போனது, இருபதாம் நாள் திரும்பி வந்தது. அலுவலகத்தின் தலைமை எழுத்தர் நல்லபெருமாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினார். மேற்படி ஊழியர் நாள்தோறும் தவறாமல் பணிக்கு வருவதால் காலிப் பணியிடம் இல்லை என்று இருந்தது. அப்படியென்றால் அவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கனி எழுதிப்போட்டாள். மேற்படி ஊழியர் இறந்துவிட்டபடியால் ஊதியம் வழங்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. இரண்டு குறிப்பிலும் ஒரே பச்சை மையில் ஒரே செயல் அலுவலரின் கையெழுத்து.

இதற்குள் அரியமுத்துவின் பேர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அவர் அதையும் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாவது வார்டுக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போய்விட்டார். கடமை என்றால் இதுவல்லவா கடமை என்று மைக்கில் பேசினார்கள். அடுத்த மாதம் தெருவிளக்குப் போடுகிற பரமகுரு பாம்பு கடித்துச் செத்தபோது, அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மூன்று நாள் சுடுகாட்டு வாசலில் காத்திருந்தது. அவர் எழுந்து வரவில்லை. பொறுப்பில்லாத மனுஷன், இருக்கும்போதும் இப்படித்தான் இருந்திருப்பான் என்று ஊர் பேசியது, பரமகுருவின் பெண்டாட்டி வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

தனியாரும் சும்மா இருக்கவில்லை. பஞ்சாலையிலும், நோட்டுப் புத்தகக் கம்பெனியிலும், ஜவுளிக்கடையிலும் ஆள் எடுக்கும்போது ஒரு புதுப் படிவத்தை நீட்டினார்கள். இறந்த பிறகும் தொடர்ந்து பணிக்கு வருவேன் என உறுதி கூறுகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது, கீழே இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. முதலில் பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவன் போட்டான், போட்டவனுக்கு வேலை கிடைத்தது, அப்புறம் எல்லோரும் போட்டார்கள். பயிற்சி மையங்களில் அதற்கென்று தனி வகுப்பு வைத்தார்கள், நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

கனி நோட்டுப் புத்தகக் கம்பெனிக்குப் போனாள். அரியமுத்து மகள் என்று தெரிந்ததும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, இது உங்கள் வம்சத்திலேயே உண்டா, தாத்தாவும் இப்படி வந்தாரா என்று விசாரித்தார். தாத்தா செத்தார், புதைத்தார்கள், அவ்வளவுதான் என்று கனி உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தாள், ஆனால் மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொடுத்த வேறொரு பெண்ணுக்கு அந்த வேலை போய்விட்டது. பஸ்ஸில் திரும்பும்போது கனிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஊர் முழுக்க ஒருத்தர்மேலும் வராத கோபம் அப்பாமேல் வந்தது. செத்தும் நாற்காலியை விடமாட்டேன் என்கிறவரிடம் என்ன கருணையை எதிர்பார்ப்பது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணி மாதம் செயல் அலுவலருக்கு மாற்றல் வந்தது. போகிற நேரத்தில் புண்ணியம் கட்டிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, கனியைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "இந்த மாசத்துக்குள்ள அவரை மட்டும் நிறுத்துங்கம்மா. இடம் காலின்னு ஆச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வர்றவரு எப்படியோ, எனக்குத் தெரியாது" என்றார். மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

கனி இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை விடியலில் பேச்சித்தாய் கோலம் போட வருமுன் கனி கொல்லைப்புறமாகப் போய் நாலாவது வார்டு முக்கில் நின்றாள். அப்பா வந்தார். பத்து மாதம் வெயிலும் மழையும் பட்டு வேட்டி பழுப்பேறி இருந்தது, பொன்னாடை கிழிந்து தொங்கியது, நாடிக்கட்டு மட்டும் முடிந்தபடியே இருந்தது. அவர் சாவியை இறக்கினார். அவள் என்னென்னவோ கேட்க நினைத்து வந்திருந்தாள், ஏன்ப்பா இப்படி என் வாயில மண்ணைப் போடுறீங்க என்று கேட்க நினைத்திருந்தாள். பக்கத்தில் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை.

"அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றாள். "கவர்மெண்ட் வேல. ஆர்டர் வந்திருச்சு."

அரியமுத்து நிமிர்ந்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக யாரையோ பார்த்தார், மகளைத்தான் பார்த்தார். கட்டுக்குள் இறுகிக் கிடந்த கன்னம் இரண்டும் மெல்ல மேலே ஏறின. சாவியை வால்விலிருந்து எடுத்து, துடைத்து, சுவரோரமாகப் பத்திரமாகச் சாத்தினார். திரும்பி, வந்த வழியில் போகாமல், ஓடைக்கரை வழியாகச் சுடுகாட்டைப் பார்த்து நடந்தார், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் நடக்கிற நடை அது. அன்றைக்கு நாலாவது வார்டில் தண்ணீர் வரவில்லை, பதிவேட்டில் கையெழுத்து விழவில்லை, தெரு முக்கில் பேச்சித்தாய் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு நெற்றியில் பொட்டோடு உள்ளே வந்தாள்.

மறுநாளும் அவர் வரவில்லை. கனி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். செயல் அலுவலர் சொன்னபடியே காலிப் பணியிடம் என்று எழுதி, பணிக்காலத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு வைக்கவும் என்று நல்லபெருமாளுக்கு அனுப்பினார். நல்லபெருமாள் அதுவரை அந்தக் கோப்பின் உள்பக்கத்தைத் திறந்ததில்லை. ஒரு கோப்பைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் போதும், இரண்டாவது காரணத்தைத் தேடுகிற பழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. இப்போது திறந்தார், பழைய பதிவேடுகளை இறக்கச் சொன்னார், விரல்விட்டு எண்ணினார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்கப்பா நிரந்தரம்னு யாரும்மா சொன்னா?" என்றார்.

ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது, அம்மாவிடமும் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷமும் அவர் தினக்கூலிதான். பத்து வருஷம் இடைவிடாமல் வந்தால் நிரந்தரம், நிரந்தரமானவர் செத்தால்தான் பிள்ளைக்கு வேலை என்று நல்லபெருமாள் விளக்கினார். முதல் பன்னிரண்டு வருஷம் என்ன ஆயிற்று என்று கனி கேட்டாள். நிரந்தர ஆர்டர் இழுபட்டு இழுபட்டு, கடைசியில் எழுதிப்போட இருந்த நேரத்தில் பதினாறு நாள் அவர் வேலைக்கு வரவில்லை, அதோடு பழையதெல்லாம் அடிபட்டுப்போனது, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார் என்றார். அது எந்த வருஷம் என்று அவள் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது பதினாறு நாள், பெஞ்சுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தது அப்பா.

"சாகறதுக்கு மொத வாரம் எங்கிட்ட வந்து இன்னும் எத்தன நாளுன்னு கேட்டாரு" என்றார் நல்லபெருமாள். "பத்து மாசம் இருக்குன்னேன். நானும் கடமை கடமைன்னு மைக்குல பேசினேன் தாயி. இப்பத்தான் எண்ணிப் பாக்கேன். இன்னும் பதினோரு நாளு வந்திருந்தா ஒங்கப்பா நிரந்தரம். செத்தவருதான, அன்னைக்கே ஒனக்கு ஆர்டர் அடிச்சிருக்கலாம்."

நல்லபெருமாள் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார், குடத்தில் தண்ணீர் இல்லை என்றார்கள். பிறகு அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். மூன்று நாள் வரைக்கும் விட்டுப்போனால் செயல் அலுவலர் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு இடம் இருக்கிறது. நேற்று ஒன்று, இன்று இரண்டு. நாளை மறுநாளைக்குள் அவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் எண்ணிக்கை அறுபடாது, மிச்ச நாளையும் வந்துவிட்டால் போதும், வருகிற செயல் அலுவலரிடம் தானே கையெழுத்து வாங்கித் தருவதாகத் தலையில் கைவைத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்கக் காலிக் குடங்கள். குருவம்மா தலைமையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது வார்டு முக்கில் கனி நின்றதை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். பேச்சித்தாய் சுவரில் சாய்ந்திருந்தாள், இரண்டு நாளாக அழிக்காத பொட்டு நெற்றியில் கரைந்து வழிந்திருந்தது. கனி எதையும் மறைக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொன்னதையும், நல்லபெருமாள் சொன்னதையும், பதினோரு நாளையும் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

பேச்சித்தாய் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அவரு மொகம் எப்பிடி இருந்துச்சு" என்று கேட்டாள்.

"சிரிச்சாரும்மா."

பேச்சித்தாய் மாராப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போ. நான் சொன்னது பொய்யின்னு சொல்லு. ஒனக்கு வேல இல்லன்னு தெரிஞ்சா அவரு மண்ணுக்குள்ள இருக்கமாட்டாரு, வந்துருவாரு" என்றாள். அதில் மகளுக்கான ஆசை எவ்வளவு, தனக்கான ஆசை எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஊருக்கு அந்தக் குழப்பம் இல்லை. பெண்கள் எழுந்தார்கள், கனியை நடுவில் விட்டுச் சுற்றி நடந்தார்கள், குடங்கள் ஒன்றோடொன்று இடிபட ஓடைக்கரை வழியாகப் போனார்கள். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாளைக்கே தண்ணீர் வரும், பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வேலை வரும், சாகிறவரைக்கும் மாதாமாதம் சம்பளம் வரும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தார்கள். சுடுகாட்டு வாசலில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அவள் மட்டும் உள்ளே போனாள்.

மேடு பத்து மாதமாகக் கலைந்தே கிடந்தது. இப்போது மண் சமமாக, மேலே யாரோ உள்ளிருந்தே தட்டிவிட்டதுபோல நேர்த்தியாக மூடியிருந்தது. கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்லிட்டேம்ப்பா என்ற இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் நடந்தவர், செத்தும் பத்து மாதம் நடந்தவர், இனி பதினோரு நாள் நடப்பது அவருக்கு ஒன்றும் பெரிசில்லை, சொன்ன உடனே எழுந்துவிடுவார், கோபம்கூடப் பட மாட்டார். அவர் கோபப்பட்டுவிடுவார் என்றால் அவள் சொல்லியிருப்பாள்.

வாசலில் குடங்கள் சத்தமில்லாமல் காத்திருந்தன. கனி குனிந்து, மண்ணுக்குப் பக்கமாக வாயைக் கொண்டுபோனாள்.

"மொத நாளு நல்லாப் போச்சுப்பா" என்றாள். "எல்லாரும் மரியாதயா பேசுறாங்க. ஃபேனுக்கு நேர் கீழயே சேர் போட்டுக் குடுத்திருக்காங்க."